விருந்தாளி எப்போது கிளம்புவார்?

கல்லீரலைப் போல ஒரு பொறுமைசாலி நம் உடம்பில் வேறு யாரும் இல்லை. ஒன்றரைக் கிலோ கனத்தோடு வலது பக்க விலா எலும்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சாப்பிட்டது, குடித்தது, டாக்டர் எழுதிக் கொடுத்தது, டாக்டரைக் கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டது எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் பொறுமைதான் ஆபத்து. தனக்குள் ஒரு கட்டி முளைத்தால்கூட வாய் திறந்து சொல்லாது. வலிக்கிறதே என்று நீங்கள் போய் நிற்கும்போது, பல சமயம் கட்டி எலுமிச்சம்பழ அளவைத் தாண்டியிருக்கும். 2022-இல் மட்டும் உலகம் முழுக்க 7.5 லட்சம் பேருக்கு மேல் கல்லீரல் புற்றுநோயால் இறந்துபோனார்கள்.

ஆகவே சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இதற்கு சென்டிமீட்டர் கணக்கே இருக்கிறது. 1996-இல் இத்தாலியில் மிலான் நகர டாக்டர்கள் ஒரு வரம்பு சொன்னார்கள். ஒற்றைக் கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், கல்லீரல் மாற்று ஆபரேஷன் செய்து பிழைக்கவைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். 'ஆறு மாசம் முன்னாடியே பார்த்திருந்தா...' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது முனகுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஸ்கேன் படத்தில் நல்ல சதையும் கெட்ட கட்டியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்து தொலைக்கும். வெள்ளை வேட்டியில் விழுந்த சுண்ணாம்புத் துளி மாதிரி. இரண்டையும் பிரித்துக் காட்ட எதையாவது உடம்புக்குள் அனுப்பியாக வேண்டும். ஸ்கேன் சென்டரில் 'கான்ட்ராஸ்ட் போடணும் சார்' என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

1990-களில் இதற்கு ஓர் அழகான வழி புழக்கத்துக்கு வந்தது. இரும்பு ஆக்சைடை, அதாவது துருவுக்குப் பங்காளி முறை உள்ள ஒரு பொருளை, நானோ அளவுக்குப் பொடியாக்கி நரம்பில் ஏற்றுவது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்த இரும்புத் துகள்கள் நூறு, நூற்றைம்பது என்கிற ரேஞ்சில் இருக்கும்.

கல்லீரலுக்குள் குப்ஃபர் செல்கள் என்று ஒரு போலீஸ் படை இருக்கிறது. குப்ஃபர் என்ற ஜெர்மானிய உடற்கூற்று நிபுணர் 1876-இல் அடையாளம் காட்டியவை. ரத்தத்தில் அன்னியமாக எது மிதந்து வந்தாலும் பிடித்து விழுங்குவதுதான் அவற்றின் உத்தியோகம். இரும்புத் துகள் வந்ததும் லபக்கென்று விழுங்கிவிடும். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால், இரும்பின் காந்த குணத்தால் நல்ல கல்லீரல் முழுவதும் கறுப்பாகிவிடும். புற்றுநோய்க் கட்டியில் பெரும்பாலும் குப்ஃபர் செல் இருக்காது. அங்கே இரும்பு சேராது. எனவே கறுப்புக்கு நடுவில் கட்டி மட்டும் வெளுப்பாகப் பளிச்சென்று நிற்கும்.

கவனித்தீர்களா? துகள் நோயைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளவில்லை. எங்கே இருக்க வேண்டியவர் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. இல்லாததை வைத்து இருப்பதை அறிவது. நம் ஆட்களுக்கு இது புதுசு இல்லை. மணிமேகலையில், காட்சி, அனுமானம் என்று அறியும் வழிகளை வரிசையாக அடுக்கும்போது 'அபாவம்' என்று ஒன்றையும் சேர்த்திருக்கிறது. இன்மையைக் கொண்டு அறிதல். அந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஃபெரிடெக்ஸ் என்ற பெயரில் இந்த இரும்பு மருந்துக்கு 1996-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல அறிவியல் செய்தி. ஆனால் இதே கல்லீரலுக்குள், இதே போலீஸ் செல்களை நம்பி, இதேபோல் பொடித்த ஓர் ஆக்சைடை மனிதர்கள் அதற்கு அறுபது வருடம் முன்பே அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கதை தெரியாமல் இந்தக் கதையைப் பாராட்டுவது நியாயம் இல்லை.

'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெட்ரோமாக்ஸ் மேண்டிலை செந்தில் ஒரே பிசையில் பொடியாக்குவாரே, அந்த மேண்டில் ஏன் அப்படி உதிர்கிறது தெரியுமா? ஒரு தடவை எரிந்த பிறகு அதில் நூல் கிடையாது. மிச்சம் இருப்பது வெறும் ஆக்சைடு சாம்பல்தான். பழைய மேண்டில்களில் அது பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. சூடானால் பிரமாதமாக வெளிச்சம் தரும். இந்தத் தோரியம் நம் வீட்டுப் பொருள்தான். தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி வரை போன கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்கிற ஜெர்மானிய வேதியியல்காரர் கண்டார். புறப்பட்டு வந்து, அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் ஆலையே போட்டார். ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கு நம் மணல் வெளிச்சம் கொடுத்தது.

வெளியே வெளிச்சம் தந்த அதே தோரியம் ஆக்சைடைத்தான் 1930 வாக்கில், உள்ளே பார்ப்பதற்காக மனித உடம்பில் ஏற்றினார்கள். தோரோட்ராஸ்ட் என்று பெயர். ஜெர்மனியில் ஹைடன் கம்பெனி தயாரித்தது. அப்போது நானோ என்ற வார்த்தை புழக்கத்தில் இல்லை. 'கூழ்மம்' என்றார்கள். நாம் பள்ளிக்கூட வேதியியலில் படித்த அதே கூழ்மம். தோரியம் கனமான தனிமம் என்பதால் எக்ஸ்ரேயைத் தடுத்து நிறுத்தும். ரத்தக்குழாய்கள் கிளை கிளையாக, வரைந்து வைத்த மாதிரி தெரிந்தன. மூளையின் ரத்தக்குழாய்களை முதன்முதலில் 1927-இல் படம்பிடித்துக் காட்டிய லிஸ்பன் டாக்டர் எகாஸ் மோனிஸ், 1931 முதல் இதைப் பயன்படுத்தினார். கல்லீரலும் மண்ணீரலும் அருமையாகத் தெரிந்தன. காரணம், குப்ஃபர் செல்கள் வழக்கம்போல விழுங்கிவிட்டன.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சௌகரியம் இருந்தது. அந்தக் காலத்து மற்ற கான்ட்ராஸ்ட் மருந்துகள் எரியும், வலிக்கும், சிலருக்கு வலிப்பே வரும். தோரோட்ராஸ்டில் ஒன்றுமே தெரியாது. ஊசி போட்டுக்கொண்டவர் எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

தோரியம் அவரோடு வீட்டுக்குப் போனது.

தோரியம் கதிரியக்கம் உள்ளது. பாதியாகக் குறைய 1,400 கோடி வருடம் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான். விழுங்கிய செல்லால் அதைச் செரிக்க முடியாது, துப்பவும் முடியாது. அந்த செல் செத்தால் அடுத்த செல் எடுத்து வைத்துக்கொள்ளும். கல்லீரலுக்குள் உட்கார்ந்தபடி ராத்திரி பகலாக ஆல்ஃபா துகள்களைச் சுட்டுக்கொண்டே இருக்கும். இருபது, முப்பது வருடம் கழித்து அங்கே புற்றுநோய் வரும். ஜெர்மனியில் தோரோட்ராஸ்ட் போட்டுக்கொண்டவர்களில் 2,300-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய். ஒப்பிடுவதற்காகக் கவனித்த, தோரோட்ராஸ்ட் போடாத சுமார் 1,900 பேரில்? ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம்.

கல்லீரலை நன்றாகப் பார்க்க உதவிய மருந்து, கல்லீரலுக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தது. அதில் பலருக்குக் கல்லீரலில் ஒரு கோளாறும் கிடையாது. காலில் ரத்தக்குழாயைப் பார்க்க, மூளையில் ஒரு வீக்கத்தைப் பார்க்க என்று போட்டுக்கொண்டவர்கள். ஜப்பானில் போரில் காயம்பட்ட சிப்பாய்கள். குண்டுக்குத் தப்பித்தவர்களை ஊசி பிடித்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். ஊசி போட்ட டாக்டர் தப்பு செய்தாரா?

'அவருக்குத் தெரியாதே, நல்ல எண்ணத்தில்தானே செய்தார்' என்று உடனே சொல்லத் தோன்றும். நல்ல எண்ணம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. கடிகார முள்ளுக்கு ரேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள் தாடை எலும்பு அரித்துச் செத்துப்போனது 1920-களிலேயே பத்திரிகைகளில் வந்த செய்தி. தோரியத்தின் கதிரியக்கம் அதற்கும் முன்பே தெரியும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மருந்துக் குழு 1932-லேயே எச்சரித்தது. தோரோட்ராஸ்டால் கல்லீரலில் புற்றுநோய் வந்த ஒருவரைப் பற்றி 1947-இல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதற்குப் பிறகும் 1950-கள் வரை பல நாடுகளில் ஊசி போடுவது நிற்கவில்லை.

ஏன்? கெட்ட புத்தி இல்லை. அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் லாபம், அவ்வளவுதான். டாக்டருக்குத் தெளிவான படம். நோயாளிக்கு வலி இல்லாத ஊசி. கம்பெனிக்கு விற்பனை. நஷ்டப்படப் போகிற ஒரே ஆள் அந்த அறையில் இல்லை. அவர் முப்பது வருடம் தள்ளி, வேறு ஒரு ஊரில், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார். பெயர் மட்டும் அதே பெயர்.

முப்பது வயதுக்காரர் கையெழுத்துப் போடுகிறார். அறுபது வயதுக்காரர் அனுபவிக்கிறார். இருவரும் ஒரே ஆளா? 'இதென்ன கேள்வி, ரேஷன் கார்டில் ஒரே ஆள்தான்' என்பீர்கள். டெரெக் பார்ஃபிட் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி இதை அவ்வளவு சுலபமாக விடவில்லை. ஐம்பது வருடம் கழித்து வரப்போகிற அவஸ்தையைப் பற்றிக் கவலையே இல்லாமல் சிகரெட் பிடிக்க ஆரம்பிக்கும் ஒரு பையனை உதாரணம் காட்டி, 1984-இல் வெளிவந்த புத்தகத்தில் அவர் வாதிடுகிறார். அந்தக் கிழவனுக்கும் இந்தப் பையனுக்கும் உள்ள ஒட்டு, நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டியானது அல்ல. அந்தக் கிழவன் கிட்டத்தட்ட இன்னொரு ஆள் மாதிரி. அப்படியென்றால் 'என் உடம்பு, என் இஷ்டம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்னொருவருக்குச் செய்யக் கூடாத கெடுதலை வருங்கால எனக்கும் செய்யக் கூடாது.

நீங்கள் பார்ஃபிட்டை முழுசாக நம்ப வேண்டியதில்லை. நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் நம் நடைமுறை அவர் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. உடனே வலிப்பதற்குப் பயப்படுகிறோம். தள்ளி வலிப்பதை யாரோ ஒருத்தர் தலையில் கட்டிவிட்ட மாதிரி இருந்துவிடுகிறோம். கடன் அட்டையில் ஆரம்பித்து ஏரியில் கொட்டும் ரசாயனம் வரை இதே கணக்குதான்.

'அபாவம்' என்ற வார்த்தையை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? இங்கேதான் அது தேவைப்படுகிறது. ஒரு காரியம் சரியா தப்பா என்று பார்க்க, அறையில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் போதாது. அங்கே இருக்க வேண்டியவர் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டும் தீர்மானத்தில் இல்லாமல் போனவர் ஒருவர் இருந்தே தீருவார்.

'அப்படியென்றால் முப்பது வருடம் பரீட்சை பண்ணிவிட்டுத்தான் எந்த மருந்தையும் கொடுக்க வேண்டுமா? அதுவரை நோயாளி காத்திருப்பானா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 4 சென்டிமீட்டர் கட்டி முப்பது வருடம் காத்திருக்காது, முப்பது வாரமே சந்தேகம். ஜாக்கிரதை என்ற பெயரில் எதையும் செய்யாமல் இருப்பதும் ஆட்களைக் கொல்லும். அந்தச் சாவுகளை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் வித்தியாசம். அறையில் இல்லாத ஆளுக்காக, அறையில் படுத்திருக்கிற ஆளைச் சாகவிடு என்று சொல்வது தர்மம் ஆகாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். எல்லா ஆபத்தையும் ஒரே தராசில் போடக் கூடாது. திரும்பிப் போகிற ஆபத்து வேறு. தங்கிவிடுகிற ஆபத்து வேறு. வீட்டுக்கு வரும் விருந்தாளியைப் பற்றி நம் பாட்டிகள் உபசாரத்தோடு சேர்த்து இன்னொன்றையும் யோசித்து வைத்திருப்பார்கள்: எப்போது கிளம்புவார்?

இரும்புத் துகள் அந்த வகையில் மரியாதை தெரிந்த விருந்தாளி. குப்ஃபர் செல் அதைச் செரித்துவிடும். உடைந்த இரும்பு, உடம்பு ஏற்கெனவே வைத்திருக்கும் இரும்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, கொஞ்ச நாளில் உங்கள் ரத்தச் சிவப்பணுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. சிலருக்கு முதுகுவலி வந்தது. கல்லீரல் சுருங்கி இறுகிய சிரோசிஸ்காரர்களுக்குப் படம் சுமாராகத்தான் வந்தது. குப்ஃபர் செல் கொஞ்சம் மிச்சமிருக்கும் ஆரம்பநிலைக் கட்டிகள், நல்லவன் வேஷம் போட்டுக்கொண்டு கறுப்புக்குள் ஒளிந்தன. ஆனால் தப்பு நடந்தால் அதோடு போயிற்று, முப்பது வருட வட்டி கிடையாது.

அந்த ஃபெரிடெக்ஸ் இப்போது இல்லை. 2008-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆபத்து என்பதால் அல்ல, போதுமான அளவு விற்கவில்லை என்பதால். அதே வகையைச் சேர்ந்த ரெசோவிஸ்டும் சீக்கிரமே ஐரோப்பாவில் நின்றுபோனது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். தங்கிவிடும் தோரியம் இருபது வருடத்துக்கு மேல் நன்றாக விற்றது. கிளம்பிவிடும் இரும்பு பன்னிரண்டு வருடத்தில் கடையைக் கட்டியது. அறையில் இல்லாதவர் ஓட்டு சந்தையில் செல்லாது.

இரும்பின் இடத்துக்குப் பெரும்பாலும் வந்தது காடோலினியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்த மருந்துகள். இவை நானோ துகள் அல்ல, ரத்தத்தில் கரைந்து ஓடும் மூலக்கூறுகள். கதிரியக்கம் கிடையாது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கல்லீரலுக்கென்றே செய்த வகையில் பாதிக்குப் பாதி பித்தத்தோடு போகும். ஆனால் 2006-இல் ஒரு செய்தி வந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில வகை காடோலினியம் வெளியேறாமல் தங்கி, தோலையே மரக்கட்டை மாதிரி இறுகவைக்கிறது என்று. 2014-இல் ஜப்பானியர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். பலமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் கொஞ்சம் காடோலினியம் தங்கியிருக்கிறது. அதனால் மூளைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆகவில்லை.

நிரூபணம் இல்லையே என்று 1930-களில் செய்தது மாதிரி கைகட்டி இருந்திருக்கலாம். ஐரோப்பிய மருந்து ஆணையம் 2017-இல் வேறு மாதிரி செய்தது. உலோகத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் வகைகளில் பலவற்றை நரம்பில் போடக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டை மட்டும் கல்லீரல் ஸ்கேனுக்கு என்றால் போடலாம் என்று விட்டுவைத்தது. கல்லீரலில் அவை காட்டுவதை மற்றவை அவ்வளவு நன்றாகக் காட்டாது என்பதால். இரண்டு பேரையும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்று இதைச் சொல்லலாம். படுத்திருப்பவருக்கும் ஒரு பங்கு, முப்பது வருடம் தள்ளி நிற்பவருக்கும் ஒரு பங்கு.

ஆராய்ச்சிக்கூடங்களிலும் புத்தி வந்திருக்கிறது. 2007-இல் எலி வகைப் பிராணிகளில் செய்த சோதனையில், சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள் சிறுநீரகம் வழியாகச் சட்டென்று வெளியேறுவதைக் காட்டினார்கள். அதற்குப் பெரிசானால் கல்லீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு துகள் எவ்வளவு நன்றாகக் காட்டும் என்பதோடு, எந்த வாசல் வழியாக, எத்தனை நாளில் போகும் என்பதையும் சேர்த்தே இன்று வடிவமைக்கப் பார்க்கிறார்கள். தங்கத் துகள், இரும்புத் துகள், இன்னும் என்னென்னவோ துகள் வரப்போகிறது. எல்லாவற்றிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

தோரோட்ராஸ்ட் கதையில் எனக்கு மரியாதை வருகிற இடம் ஒன்று உண்டு. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் போன்ற நாடுகளில் சிலர் பழைய ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்களைப் புரட்டி, யார் யாருக்கு ஊசி போட்டோம் என்று பட்டியல் எடுத்து, அவர்களைப் பத்து, இருபது, முப்பது வருடம் பின்தொடர்ந்தார்கள். செய்த தப்பின் கணக்கைக் கடைசிவரை எழுதினார்கள். போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் ஆல்ஃபா கதிர் கல்லீரலை என்ன செய்யும் என்று இன்று உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து வந்ததுதான். நல்ல எண்ணம் இருந்தது என்று சொல்லிக் கிளம்பிவிடுவது எளிது. கூடவே இருந்து கணக்கு எழுதியவர்கள்தான் பொறுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் சொன்ன ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அது இந்தக் கட்டுரையைத் தப்பாகப் படித்ததாகும். உங்களுக்கு மஞ்சள்காமாலை பி வைரஸோ சிரோசிஸோ இருந்தால், டாக்டர் சொன்ன தேதியில் போய்ப் பார்த்துக்கொள்வதுதான் வருங்கால உங்களுக்கு நீங்கள் செய்யும் முதல் உபகாரம். கான்ட்ராஸ்ட் போட வேண்டும் என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மருந்தின் பேர் என்ன? இது இல்லாமல் பார்க்க முடியாதா? என் சிறுநீரகம் இதை வெளியே அனுப்புமா? பதிலை ஃபைலில் எழுதி வாங்கி வையுங்கள்.

வருங்காலத்தில் அந்த ஃபைலைப் பிரித்துப் பார்க்கப்போகிறவர் நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருப்பார். இன்றைக்கு அவருக்காகப் பேச உங்களைத் தவிர ஆள் கிடையாது.